இரணியல்காரன் பார்த்த ஈரான் படங்கள்: நாகர்கோவிலில் ஐந்து ஞாயிற்றுக்கிழமை

எங்கள் வில்லுப்பாட்டுக் குழுவை நடத்துகிற அண்ணாவி, கண்ணாடியை வீட்டில் மறந்துவிட்டு வந்த நாளில் தொடங்கியது இது. குழுவின் வாட்ஸ்அப்புக்கு யாரோ ஒரு நோட்டீஸ் அனுப்பியிருந்தார்கள். போனைக் கைநீளத்துக்குத் தள்ளிப் பிடித்து வாசித்த அண்ணாவி, "லே தம்பி, நாகர்கோயில்ல இரணியல் படம் அஞ்சு வாரம் போடுகானுவளாம். நம்ம அரமனையத்தான் எடுத்திருப்பானுவளோ?" என்றார். வாங்கிப் பார்த்தேன். 'ஈரானியத் திரைப்படங்கள்: இசை, கலை, அன்றாடம்' என்று இருந்தது. "இரணியல் இல்ல அண்ணாவி, ஈரான்" என்றேன். "அப்ப நீ போயிட்டு வந்து சொல்லு" என்று பேச்சை முடித்துவிட்டார்.

போனேன். ஐந்து ஞாயிற்றுக்கிழமையும் போனேன். நாலாவது வாரம் அண்ணாவியையும் இழுத்துக்கொண்டு போனேன். காசு தேறுமா, தூக்கம் வருமா, குடும்பத்தோடு போகலாமா என்று ஆளுக்கு ஆள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் போனில் சொல்லி வாய் வலிக்கிறது. எழுதிவிட்டால் ஒரு வேலை முடிந்தது.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அதை வைத்து நீங்கள் என் பேச்சைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். ஊர் இரணியல். அம்மா தறி நெய்தவள். எங்கள் ஊர்த் துவர்த்து, அதாவது துண்டு, வாங்கியிருப்பீர்கள், அந்த வேலைதான். நான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். கோயில் கொடை சீசனில் வில்லுப்பாட்டுக்குக் குடம் அடிப்பேன், இப்போதும் அடிக்கிறேன். சினிமாவைப் பற்றிப் படித்தவன் இல்லை. ஆனால் பார்த்த இரண்டு வேலையும் காதை நம்பிச் செய்கிற வேலை. கியர்பாக்ஸ் முனகுவது முதலில் காதுக்குத்தான் தெரியும். குடம் வாங்கப் போனால் இருபது குடத்தைத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுப்பேன். அதனால் இதில் சத்தத்தைப் பற்றிய பேச்சு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும்.

இடத்தின் பெயரைப் போடவில்லை. குறையும் சொல்லப் போகிறேன். நடத்துகிற தம்பி சின்னப் பையன், கைக்காசு போட்டு நடத்துகிறார். நாகர்கோவிலில் ஒரு மாடி. முன்பு டியூஷன் சென்டராக இருந்ததாம், கரும்பலகையின் தடம் இன்னும் சுவரில் தெரிகிறது. மேலே தகரக் கூரை. நாற்பது பிளாஸ்டிக் நாற்காலி, கைப்பிடி உள்ளது பாதி, இல்லாதது பாதி. திரை என்று தனியாக ஒன்றும் இல்லை, ஒரு சுவருக்கு நல்ல வெள்ளை அடித்து வைத்திருக்கிறார்கள். படம் அதில் சுத்தமாகவே தெரிகிறது. ஐந்து வாரத்துக்கும் சேர்த்து நானூறு ரூபாய், ஒரு படம் மட்டும் என்றால் நூறு. படிக்கிற பிள்ளைகளுக்குப் பாதி. இடைவேளை உண்டு, கட்டன்சாயையும் ரசவடையும் அந்தக் காசிலேயே அடங்கும். ரசவடைக்கு மட்டும் தனியாக ஒரு விமர்சனம் எழுதலாம், அவ்வளவு நன்றாக இருந்தது. எந்தக் கடை என்று கேட்டேன், அந்தத் தம்பி சொல்லவில்லை.

படிக்கட்டு செங்குத்து. முட்டுவலிக்காரர்கள் யோசித்துப் போகவும். கழிப்பறை கீழே, சாவி வாங்கிக்கொண்டு இறங்க வேண்டும்.

இனி ஃபேனுக்கு வருகிறேன். மூன்று சீலிங் ஃபேன். நடுவில் இருப்பது ஒரு சுற்றுக்கு ஒருமுறை 'டக்' என்று தட்டும். சாதாரணச் சண்டைப் படம் என்றால் அது காதில் விழாது. இந்தப் படங்களில் ஒரு பையன் தனியாக நடக்கிறான், ஒரு கதவு கிறீச்சிடுகிறது, எங்கோ ஒரு கோழி கத்துகிறது, அதுதான் காட்சி. அதன் மேல் 'டக், டக்' என்று தாளம் போட்டால் எப்படி? முதல் வாரமே சொன்னேன். "ஆள் வரச் சொல்லிருக்கேன் அண்ணாச்சி" என்றார். ஐந்தாவது வாரமும் அதே பதில்தான்.

முதல் வாரப் படம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. மஜித் மஜீதி 1997இல் எடுத்தது. அண்ணன் தங்கையின் ஷூவைத் தொலைத்துவிடுகிறான், இருவரும் ஒரே ஜோடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறார்கள். தமிழில்கூட முறையாக உரிமை வாங்கி 'அக்கா குருவி' என்று 2022இல் வந்தது, இளையராஜா இசை. பலரும் பார்த்த கதை என்பதால் நீட்டவில்லை. ஒரே ஒரு இடம் மட்டும். அப்பா வீட்டில் உட்கார்ந்து பள்ளிவாசலுக்காகச் சர்க்கரைக் கட்டியை உடைத்துக்கொண்டிருக்கிறார். முன்னால் குவியலாகக் கிடக்கிறது. மகள் சாயை கொண்டு வைக்கிறாள். இவர் சர்க்கரை கேட்கிறார். இவ்வளவு கிடக்கிறதே என்கிறாள் பிள்ளை. அது பள்ளிவாசல் சர்க்கரை, நமக்கு உள்ளது அல்ல என்கிறார். கொடைக்கு வரிப்பணம் பிரிக்கிற எந்த ஊரிலும் இந்த மனிதரை எனக்குக் காட்ட முடியும், அந்தப் பணத்தில் பீடி வாங்குகிறவரையும் காட்ட முடியும்.

அன்றைக்கு இடைவேளையில் நடத்துகிற தம்பி ஒரு வேலை செய்தார். ஈரானில் சாயையில் சர்க்கரையைக் கலக்காமல், கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக்கொண்டு உறிஞ்சுவார்களாம். எல்லோர் கையிலும் ஒரு கற்கண்டைக் கொடுத்து அப்படிக் குடிக்கச் சொன்னார். என் கீழ்ப்பல் இரண்டு ஏற்கெனவே ஆட்டம். நான் கற்கண்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன், பேத்திக்கு ஆயிற்று.

ஆனால் படம் முடிந்த பிறகு ஒருவர் பேச வந்தார் பாருங்கள். நாற்பது நிமிஷம். 'கதையாடல்', 'காட்சிமொழி' என்று ஒவ்வொன்றும் ஒரு முழம். அந்த அப்பா சர்க்கரையைத் தொடாமல் விட்டதைப் பற்றி ஒரு சொல் இல்லை. எனக்குத் திங்கள்சந்தை போகும் பஸ் போய்விட்டது. அடுத்த வாரத்திலிருந்து பேச்சு தொடங்கியதும் நான் படி இறங்கிவிடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள், யாரும் ஒன்றும் நினைப்பதில்லை.

இரண்டாவது வாரம் 'நண்பனின் வீடு எங்கே'. அப்பாஸ் கியாரோஸ்தமி, 1987. அகமது என்ற பையன் பக்கத்தில் உட்காருகிறவனின் நோட்டைத் தெரியாமல் எடுத்து வந்துவிடுகிறான். மறுநாள் நோட்டு இல்லாவிட்டால் அவனைப் பள்ளிக்கூடத்தை விட்டு நீக்கிவிடுவேன் என்று வாத்தியார் மிரட்டியிருக்கிறார். நோட்டைக் கொண்டுபோய்க் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான், வீடு தெரியவில்லை. கதை அவ்வளவுதான். தாத்தா ஒருவர் வருகிறார். தன் அப்பா வாரம் ஒரு காசும், ரெண்டு வாரத்துக்கு ஒரு அடியும் கொடுப்பாராம். காசு சில வாரம் மறந்துபோகும், அடி மறக்கவே மறக்காதாம். அரங்கில் வயதான ஆண்கள் எல்லோரும் சிரித்தோம். பின்னால் ஒரு சின்னப் பெண் சிரிக்கவில்லை. அவள்தான் சரி.

எனக்குப் பிடித்தது கடைசியில் வரும் கிழவர். அந்த ஊரின் மரக்கதவும் ஜன்னலும் அவர் கை வேலை. இப்போது எல்லோரும் இரும்புக் கதவுக்கு மாறிவிட்டார்கள். இருட்டில் பையனுக்கு வழிகாட்டுகிறேன் என்று கூட நடக்கிறார், நடையோ நத்தை நடை. போகிற வழியெல்லாம் தான் செய்த ஜன்னல்களைக் காட்டிக்கொண்டே வருகிறார். உள்ளே எரிகிற விளக்கின் வெளிச்சம் ஜன்னல் வேலைப்பாட்டின் வழியாக எதிர்ச்சுவரில் விழுகிறது. ஒரு சுவரில் ஒரு கோலம், அடுத்த சுவரில் வேறு கோலம். பையனுக்கு அவசரம், இவருக்குப் பெருமை. எங்கள் பக்கத்திலும் அயனிப் பலகையில் கதவு இழைத்த ஆசாரிமார் இப்படித்தான். கல்யாண வீட்டுக்குப் போனால் சாப்பாட்டைப் பார்க்க மாட்டார்கள், நிலையைத் தடவிப் பார்ப்பார்கள். கலையைப் பற்றிய படம் என்று நோட்டீஸில் போட்டிருந்தது. படத்தில் யாரும் 'கலை' என்ற சொல்லைச் சொல்லவே இல்லை. கிழவர் என் ஜன்னல் என்கிறார், அவ்வளவுதான்.

இங்கே சப்டைட்டிலைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழில் அவர்களே எழுதிப் போடுகிறார்கள். நல்ல, பேசுகிற தமிழ். ஆங்கிலம் வாசிக்க வராத என் மைத்துனியும் ஒரு வாரம் வந்து முழுக்கப் புரிந்துகொண்டாள். ஆனால் எழுத்து சின்னது, வெள்ளை நிறம். வெளிறிய மண்சுவரும் புழுதியும் வரும்போது எழுத்து அதில் கரைந்துபோகிறது. மஞ்சளில் போட்டால் தீர்ந்தது. இதையும் சொன்னேன். இதைக் கேட்டுக்கொண்டார், நாலாவது வாரம் மஞ்சளாகிவிட்டது. ஃபேனை மட்டும் ஏன் விட்டுவிட்டார் என்பதுதான் புரியவில்லை.

மூன்றாவது வாரம்தான் எனக்கு வாரம். மொஹ்சன் மக்மல்பாஃப் 1998இல் எடுத்த 'மௌனம்'. எடுத்த இடம் ஈரான் அல்ல, தஜிகிஸ்தான். குர்ஷித் என்று ஒரு கண் தெரியாத பையன். வாத்தியங்களுக்குச் சுருதி சேர்க்கிற கடையில் வேலை. வீட்டுக்காரர் வாடகை கேட்டு வந்து கதவைத் தட்டுவார்: டம் டம் டம் டம். அந்த நாலு தட்டும் பையனின் தலைக்குள் நின்றுவிடுகிறது. பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனி தொடங்குகிற அதே நாலு தட்டு அது. பையனுக்குப் பீத்தோவனும் தெரியாது ஒன்றும் தெரியாது. அவனுக்கு அது வாடகைக்காரன் தட்டு.

இவன் கடைக்குப் பஸ்ஸில் போக வேண்டும். பஸ்ஸில் யாராவது நல்ல குரலில் பேசினால், எங்காவது பாட்டுக் கேட்டால், அதன் பின்னாலேயே இறங்கிப் போய்விடுவான். தினமும் வேலைக்குத் தாமதம். அதனால் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு பஸ் ஏறுகிறான். முப்பத்தொரு வருஷத்தில் எவ்வளவோ பயணிகளைப் பார்த்திருக்கிறேன். தூங்கி ஊரைத் தவறவிட்டவர், சண்டை போட்டு நடுவழியில் இறங்கியவர், கல்யாணத்துக்குப் போகிற பஸ் என்று நினைத்து இழவு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஏறியவர். பாட்டுக்காக இறங்கியவன் யாரும் இல்லை. இருந்திருப்பானோ என்னவோ, நான் ரோட்டைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் மழை வந்தது. ஆனி மாசம், கேட்க வேண்டுமா. தகரக் கூரையில் மழை விழுந்தால் ஐம்பது உடுக்கையை ஒரே நேரத்தில் அடிப்பது மாதிரி இருக்கும். படத்தில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. தம்பி சத்தத்தை ஏற்றினார், ஸ்பீக்கர் கரகரத்தது. நிறுத்திவிடலாமா என்று கேட்டார். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னோம், எழுத்து வாசித்துப் பார்த்தோம். ஒரு நல்லது நடந்தது: குளிர் அடித்ததால் ஃபேனை நிறுத்திவிட்டார்கள். பையன் தேனீயின் ரீங்காரத்தைக் கேட்டுக்கொண்டு நிற்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் மழை நின்றது. ஃபேனும் இல்லை, மழையும் இல்லை. தகரத்திலிருந்து சொட்டுகிற தண்ணீரும் படத்துத் தேனீயும் மட்டும். அந்த அரங்கில் ஒரு படத்தை நான் முழுசாகக் கேட்டது அந்த முக்கால் மணி நேரம்தான்.

கடையில் அவனுக்குத் துணையாக ஒரு பிள்ளை இருக்கிறாள். நகத்தில் பூவிதழை ஒட்டிக்கொண்டு, காதில் செரிப்பழத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு, இவன் சுருதி சேர்க்கச் சேர்க்க ஆடுவாள். அவளுக்குக் காது இவன், இவனுக்குக் கண் அவள் என்று மறுபடியும் பேச்சாளர் ஏதோ சொல்லியிருப்பார், நான் கேட்கவில்லை. கடைசிக் காட்சி பித்தளை, செம்பு தட்டுகிற சந்தை. அத்தனை தட்டார்களும் ஆளுக்கொரு போக்கில் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பையன் நடுவில் போய் நிற்கிறான், கையை அசைக்கிறான். மெல்ல மெல்ல எல்லாத் தட்டும் அந்த வாடகைக்காரன் தட்டாகிவிடுகிறது. குடம் அடிக்கிற எவனும் அதைப் பார்த்துவிட்டுச் சும்மா உட்கார முடியாது. என் வலது கை தொடையில் தானாக அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அம்மா நாற்காலியை நகர்த்திப் போட்டார்கள்.

நாலாவது வாரம் 'பாதி நிலா'. பஹ்மன் கோபாதி, 2006. மொழி பெரும்பாலும் குர்தி. மாமோ என்ற கிழட்டுப் பாடகர், அவருக்குப் பத்துப் பிள்ளைகள், எல்லோரும் வாத்தியக்காரர்கள். சதாம் போன பிறகு ஈராக் பக்கத்துக் குர்திஸ்தானில் கச்சேரி செய்ய அனுமதி கிடைக்கிறது. ஒரு பஸ்ஸில் கிளம்புகிறார்கள். நோட்டீஸில் 'வில்லுப்பாட்டுக்காரர்கள் பார்க்க வேண்டியது' என்று எழுதவில்லை, எழுதியிருக்கலாம். "அண்ணாவி, ஒரு கிழவரு குழுவோட கச்சேரிக்குப் போற கத, நீங்க வராட்டா எப்பிடி?" என்று கேட்டதும் வந்துவிட்டார்.

படத்துக்கு முன்னால் தம்பி ஐந்து நிமிஷம் பேசினார். இவர் பேசுவது மட்டும் கேட்கலாம், சுருக்கமாகப் பேசுவார். 1979 புரட்சிக்குப் பிறகு ஈரானில் ஆண்கள் இருக்கும் சபையில் பெண் தனியாகப் பாட முடியாது. அரசுத் தொலைக்காட்சியில் பாட்டு உண்டு, வாத்தியத்தைக் காட்ட மாட்டார்கள்; கச்சேரி நடக்கும்போது பூந்தொட்டியையோ அருவியையோ காட்டிக்கொண்டிருப்பார்கள். சினிமாவில் வாத்தியம் வரும், ஆனாலும் பல இடத்தில் கை வைப்பார்கள். இந்தப் படத்துக்கே அங்கே தடை. இதைக் கேட்டதும் அண்ணாவி என் காதோடு, "அப்ப வில்லுப்பாட்ட எப்பிடிலே காட்டுவான்? ஏழடி வில்ல எந்தப் பூச்சட்டிக்குப் பொறத்த ஒளிப்பான்?" என்றார். காதோடு என்று நினைத்துக்கொண்டு சொன்னார். அண்ணாவியின் ரகசியம் நாலு வரிசைக்குக் கேட்கும். அரங்கமே சிரித்தது.

படத்தில் டிரைவர் பெயர் காக்கோ. எனக்கு அவன்தான் கதாநாயகன். சேவல் சண்டைப் பைத்தியம், கையில் வீடியோ கேமரா, வாய் ஓயாத பேச்சு. பெரியவர் மேல் உயிர். அந்த மலைப்பாதையில் அந்த வண்டியை அவன் வளைக்கிற விதத்தைப் பார்த்தால் எனக்குப் பேச்சிப்பாறை ரூட்டில் மழைக்காலத்தில் ஓட்டியது ஞாபகம் வந்தது. பாதி வழியில் மாமோவுக்கு ஒரு பெண் குரல் வேண்டும். நாடு கடத்தப்பட்ட பெண் பாடகிகள் மட்டுமே வாழ்கிற ஒரு மலைக்கிராமம். கணக்கு 1,334 பேர். அங்கிருந்து ஹேஷோ என்ற பாடகியைக் கூட்டி வருகிறார். அவள் புறப்படும்போது அத்தனை பெண்களும் நின்று தஃப் என்கிற வட்டமான தோல்வாத்தியத்தை அடிக்கிறார்கள். சப்டைட்டிலில் அதற்குப் 'பறை' என்று போட்டிருந்தார்கள். அண்ணாவிக்குப் பொறுக்கவில்லை. "பறைக்குக் கம்பு வேணும்லே. இது வெரல்ல அடிக்கியது. நம்ம பக்கீர்மாரு வச்சிருப்பாவள்லா, தாயிரா, அதாக்கும்." சரிதான். சின்ன வயதில் தாயிரா அடித்துப் பாடிக்கொண்டு வருகிற பக்கீர்களை நாங்கள் இருவரும் பார்த்திருக்கிறோம். தக்கலை பீரப்பா தர்காவில் ஞானப்புகழ்ச்சி பாடுகிற ராத்திரி ஒன்றுக்கு அண்ணாவி என்னைக் கூட்டிப்போனதும் அந்தக் காலம்தான். தம்பியிடம் சொன்னோம், மாற்றிவிடுகிறேன் என்றார்.

ஹேஷோவைப் பஸ்ஸின் தளத்துக்கு அடியில் ஒளித்துவைத்துக் கொண்டுபோகிறார்கள். பாடத் தெரிந்ததுதான் அவள் செய்த குற்றம். இந்த இடத்தில் எனக்குக் கொட்டாரம் பூங்கனியம்மாவின் நினைவு வராமல் இல்லை. வில்லின் நடுவில் உட்கார்ந்து, கோல் வீசி, ஊர்ச்சனம் முழுக்க வாய் பிளக்கப் பாடிய பெண். 2018இல் போனார். அவர் பாட்டைக் கேட்டவர்கள் எங்கள் குழுவில் இன்னும் இருக்கிறார்கள். படத்தில் போலீஸ் பஸ்ஸை நிறுத்துகிறது, தேடுகிறது, அவளைக் கண்டுபிடித்துக் கொண்டுபோகிறது, வாத்தியங்களை உடைக்கிறது. மரம் முறிகிற சத்தம். அண்ணாவி என் முழங்கையைப் பிடித்தார். "நம்ம வில்லு ஒனக்க வீட்லதான இருக்கு?"

"எனக்க வீட்லதான் அண்ணாவி. பரண்ல கெட்டி வச்சிருக்கு."

"செரி."

அதற்குப் பிறகு படம் முடியும்வரை அவர் ஒன்றும் பேசவில்லை. அவர் பேசாமல் இருந்து நான் பார்த்தது அபூர்வம். கடைசியில் வருகிற பெண் யார், மாமோ என்ன ஆனார் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. எங்கள் இருவருக்குள்ளேயே அதில் இன்னும் ஒத்துப்போகவில்லை. பஸ்ஸில் வரும்போது அண்ணாவி இசக்கி கதையைச் சொல்லி விளக்கினார். நான் ஏற்றுக்கொள்ளவில்லை.

அன்றைக்குக் கல்லூரியில் படிக்கிற ஒரு பிள்ளை எழுந்து, இதே கோபாதி 2009இல் தெஹ்ரானின் ரகசிய இசைக்குழுக்களைப் பற்றி எடுத்த 'நோ ஒன் நோஸ் அபவுட் பெர்ஷியன் கேட்ஸ்' படத்தை ஏன் போடவில்லை என்று கேட்டாள். அதில் ஒரு குழு மாட்டுக்கொட்டிலில் பயிற்சி எடுக்குமாம். நாங்களும் தேங்காய்த் தொண்டு போட்டுவைக்கிற கொட்டகையில்தான் பழகினோம்; ஆனால் எங்களுக்கு அது போலீசுக்குப் பயந்து அல்ல, என் அப்பாவுக்குப் பயந்து. அடுத்த சுற்றில் போடுகிறேன் என்று தம்பி சொல்லியிருக்கிறார்.

ஐந்தாவது வாரம் 'குளோசப்'. கியாரோஸ்தமி, 1990. இது நடந்த கதை. ஹுசைன் சப்ஸியான் என்று வேலை வெட்டி சரியாக இல்லாத, சினிமா மேல் வெறி பிடித்த ஒரு மனிதர். பஸ்ஸில் ஒரு திரைக்கதைப் புத்தகத்தைப் படித்துக்கொண்டு போகிறார். பக்கத்து சீட்டு அம்மா, இது எங்கே கிடைக்கும் என்று கேட்கிறார். நான்தான் இதை எழுதிய மக்மல்பாஃப் என்று சொல்லிவிடுகிறார். மூன்றாம் வாரம் பார்த்தோமே, 'மௌனம்' எடுத்தவர், அவர் பெயரில். அந்த வீட்டுக்குப் போகிறார், உங்களை வைத்துப் படம் எடுக்கிறேன் என்கிறார், மாட்டிக்கொள்கிறார், வழக்கு நடக்கிறது. கியாரோஸ்தமி அந்த விசாரணையையே போய்ப் படம் எடுத்தார். ஏமாந்த குடும்பமும் ஏமாற்றியவரும் அவரவராகவே நடித்தார்கள். மறுபடியும் பஸ், பாருங்கள். ஐந்து படத்தில் மூன்றில் பஸ்.

தொடக்கமே எனக்குக் கொள்ளைப் பிரியம். பத்திரிகைக்காரரும் போலீசும் கைது செய்ய வீட்டுக்குள் போகிறார்கள். வேறு யாராக இருந்தாலும் கேமராவைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடியிருப்பார்கள். கியாரோஸ்தமி வெளியே டாக்சி டிரைவரோடு நின்றுவிடுகிறார். டிரைவர் சும்மா நிற்கிறார், சருகுக் குவியலில் கிடக்கிற பூவைப் பொறுக்குகிறார், ஒரு காலி ஸ்பிரே டப்பாவை உதைக்கிறார். அது சரிவில் கடகடவென்று உருண்டு போகிறது, போகிறது, போய்க்கொண்டே இருக்கிறது. சவாரி இறக்கிவிட்டுக் காத்து நிற்கிறவனுக்கு உலகம் அப்படித்தான் இருக்கும். உள்ளே கல்யாணமோ கைதோ, நமக்கு டப்பா உருளுகிற சத்தம்தான். எந்தச் சினிமாக்காரனும் இதுவரை டிரைவரோடு வெளியே நின்றதை நான் பார்த்ததில்லை.

இனிமேல்தான் கூத்து. படத்தின் நடுவில் ஸ்பீக்கர் ஒயர் கழன்று ஒருமுறை சத்தம் போய்விட்டது. தம்பி ஓடிப்போய்ச் செருகினார், வந்தது. மறுபடி போனது, மறுபடி செருகினார். கடைசிக் காட்சியில் நிஜமான மக்மல்பாஃப், விடுதலையாகி வெளியே வருகிற சப்ஸியானைச் சந்திக்கிறார். சப்ஸியான் அழுகிறார். அவரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு மக்மல்பாஃப் போகிறார். தூரத்திலிருந்து எடுக்கிறார்கள். இருவரும் பேசுகிறார்கள், சத்தம் விட்டு விட்டு வருகிறது, போகிறது. தம்பி பாய்ந்து போய் ஒயரைப் பிடித்தார். முன்வரிசைக்காரர் ஒருவர் ஸ்பீக்கரைத் தட்டினார். நானும் எழுந்து, "அந்தப் பக்கம் பிளக்கப் பாரு தம்பி" என்றேன். நாலு பேர் நாலு பக்கம். மைக் கோளாறு என்று படத்திலேயே ஒரு குரல் சொன்னபோதுதான் விஷயம் விளங்கியது: சத்தம் அங்கேயே அப்படித்தான். அந்தக் கல்லூரிப் பிள்ளை சிரித்துச் சிரித்து, கியாரோஸ்தமி அதை வேண்டுமென்றே அப்படி வெட்டி வைத்தார், மைக்கில் ஒரு கோளாறும் இல்லை என்று பிறகு விளக்கினாள். அவர்கள் இருவரும் பேசிக்கொள்வது நமக்கு எதற்கு என்று விட்டுவிட்டாராம். நல்ல மனிதர். ஆனால் நல்ல ஸ்பீக்கர் உள்ள அரங்கில் பார்த்தவனுக்குத்தான் அந்த மரியாதை புரியும். நாங்கள் ஒயரைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

கணக்குச் சொல்கிறேன். நானூறு ரூபாய்க்கு ஐந்து படம், ஐந்து சாயை, பத்து ரசவடை. வாரத்துக்கு இரண்டு தருவார்கள். காசு தேறும். பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், கண்ணை மூட வேண்டிய காட்சி ஒன்றும் இல்லை. வேகமான படம் வேண்டும் என்பவர்கள் போக வேண்டாம். இரண்டாவது வாரம் ஒருவர் குறட்டை விட்டார், அதுவும் ஃபேன் தாளத்துக்குச் சரியாக. நடத்துகிற தம்பிக்கு என் கோரிக்கை இது: புது புரொஜெக்டர் வாங்கப்போவதாகச் சொன்னீர்கள், அந்தப் பணத்தில் முதலில் ஃபேனைச் சரி செய்யுங்கள், இரண்டு நல்ல ஸ்பீக்கர் வாங்குங்கள், தகரத்துக்கு அடியில் ஏதாவது அட்டை அடியுங்கள். படம் கொஞ்சம் மங்கினாலும் பரவாயில்லை.

அடுத்த சுற்று ஆவணியில் என்று கேள்வி. அண்ணாவி இப்போதே காசு கொடுத்துவிட்டார். இருக்கிற அரங்கில் ஒழுங்காகக் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான்: மூன்றாவது வரிசை, இடது ஓரம். நடு ஃபேனுக்குத் தூரம், ஸ்பீக்கருக்குப் பக்கம். அந்த நாற்காலியில் ஒரு இரணியல் துவர்த்து கிடந்தால் எடுத்துவிடாதீர்கள். நான் கீழே சாவி வாங்கப் போயிருப்பேன்.